அலுவலக நேரத்து மான்கள்

இருபத்திரண்டு வருடம் ரயிலுக்குக் கேட் மூடியவளை, மானுக்குக் கேட் மூட அனுப்பி வைத்தார்கள்.

முதலில் ரயில் பாதையைத்தான் மூடினார்கள். ஏறுவதற்கு ஆளில்லையாம். பாதை போனதும், அதன் குறுக்கே இருந்த கேட்டும் கேட்டைக் காத்ததால் ஊரே கேட்டக்கா என்று கூப்பிட்ட அவளும் ‘உபரி’ என்று ஒரு பட்டியலில் ஏறினார்கள். கேட்டைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினார்கள். கேட்டக்காவை அப்படி அனுப்ப விதியில் இடமில்லை. எனவே அவளுடைய சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டி, தகுதி என்ற கட்டத்தில் ‘கேட் திறக்கவும் மூடவும் தெரியும்’ என்று இருப்பதைக் கண்டுபிடித்து, கேட் இருக்கிற இன்னொரு இலாகாவுக்கு மாற்றிவிட்டார்கள். அது வனத்துறை.

“காட்டுக்கு எதுக்கு சார் கேட்டு?” என்று உத்தரவை வாங்கும்போது கேட்டாள்.

“காட்டுக்கு இல்லம்மா, பாலத்துக்கு.”

“பாலத்துல யாரு போவாங்க?”

“மான், பன்னி, நரி. கரடிகூட வரலாம்னு ரிப்போர்ட்ல இருக்கு.”

“அதுங்களுக்கு எதுக்கு சார் கேட்டு?”

உத்தரவைக் கொடுத்த எழுத்தரிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டதே இல்லை. கோப்பைப் புரட்டினார். “பிளான்ல இருக்கு” என்றார். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

பாலத்தின் கதை இதுதான். தெற்கே மலைக்காடு, வடக்கே ஏரிக்கரைக் காடு. இரண்டும் இரண்டு வனக் கோட்டங்களில் இருந்தன. நடுவே தொண்ணூறு கிலோமீட்டருக்கு வயல்கள், செங்கல் சூளைகள், வேலிகள், ஒரு எட்டுவழிச் சாலை. ஒரு காலத்தில் மான்கள் வெயிலுக்கு வடக்கேயும் மழைக்குத் தெற்கேயுமாக நடந்து போய் வந்துகொண்டிருந்தன. அப்புறம் மனிதர்கள் முன்னேறினார்கள். மலைக்காட்டு மான்கள் மலைக்காட்டிலேயே பெண் எடுத்து, மலைக்காட்டிலேயே பெண் கொடுத்து, சொந்தத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்ததில் குட்டிகள் நோஞ்சானாகப் பிறக்க ஆரம்பித்தன. இரண்டு காட்டையும் மறுபடி இணைக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் வரைபடத்தில் பச்சை பென்சிலால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டைத் தரையில் இறக்க ஒன்பது வருடம் ஆயிற்று. நாற்பத்தியொரு விவசாயிகள் தங்கள் வேலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்கள். ஒரு சூளைக்காரர் சூளையையே இடம் மாற்றினார். கடைசியில் எட்டுவழிச் சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டி, அதன்மேல் மண் கொட்டி, புல்லும் புதரும் வளர்த்து, லாரி வெளிச்சம் மேலே படாமல் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பினார்கள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அழகான பாலம். கட்டியவர்களுக்குக் கை குலுக்கலாம்.

கை குலுக்கிவிட்டு அவர்கள் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ஸ்கூட்டர் போகும், மாடு மேயும், காதலர்கள் உட்காருவார்கள்” என்று ஒரு கூட்டத்தில் பேச்சு எழுந்தது. நியாயமான பயம்தான். எனவே தெற்கு வாயிலில் ஒரு கேட், வடக்கு வாயிலில் ஒரு கேட். தெற்குக் கேட் தெற்குக் கோட்டத்துடையது, வடக்குக் கேட் வடக்குக் கோட்டத்துடையது. கேட் இருந்தால் ஆள் வேண்டும். ஆள் இருந்தால் வேலை நேரம் வேண்டும்.

தெற்குக் கேட் காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணிக்கு மூடப்படும். மதியம் ஒன்றிலிருந்து ஒன்றரை வரை சாப்பாட்டு நேரம், அப்போது மூடியிருக்கும். வடக்குக் கோட்டத்தில் ஒன்பதரைக்கே ஆரம்பித்து நாலரைக்கே முடித்துவிடுவார்கள். அவர்களுடைய சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரை முதல் ஒரு மணி வரை. ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறைகளும் இரண்டு பக்கமும் லீவு. ஆக, ஒரு மான் இந்தக் காட்டிலிருந்து அந்தக் காட்டுக்குப் போக ஆசைப்பட்டால், வார நாளாகப் பார்த்து, உச்சி வெயிலில், இரண்டு சாப்பாட்டு நேரத்துக்கும் இடம் விட்டு, ஐந்தரை மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். காலண்டரும் கைக்கடிகாரமும் வைத்திருக்கிற மானுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

கேட்டக்காவின் அறை எட்டடிக்கு ஆறடி. தகரக் கூரை, ஒரு டியூப் லைட், கம்பி வைத்துக் கட்டிய கால் உள்ள ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை, அதன்மேல் ஒரு பதிவேடு. அறைக்குப் பின்னால் நூறடி தள்ளி அவள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ். அவள் பிறந்ததிலிருந்து குடியிருந்த வீடுகளிலேயே ஒழுகாத முதல் வீடு அதுதான். பதிவேடு, தலைமை அலுவலகத்துக்கு வரும் பார்வையாளர்களுக்காக அச்சடித்ததில் மிஞ்சியது. தேதி, நேரம், பெயர், யாரைப் பார்க்க, வந்த நோக்கம், கையொப்பம் என்று கட்டங்கள் இருந்தன. ‘பெயர்’ என்பதை அடித்துவிட்டு ‘விலங்கு’ என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். மற்றதை அடிக்கச் சொல்லவில்லை. கேட்டக்காவும் அடிக்கவில்லை. சொல்லாததைச் செய்கிற பழக்கத்தை அவள் விட்டுப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

விட்ட கதை இது. ரயில் கேட்டில் இருந்தபோது ஒரு நாள் காலை சிக்னல் கோளாறாகி, மூடிய கேட்டைத் திறக்க நாற்பது நிமிடம் அனுமதி வரவில்லை. வரிசையின் முன்னால் ஒரு ஆம்புலன்ஸ். உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண். ஸ்டேஷனுக்குப் போன் அடித்தாள். எடுப்பார் இல்லை. தண்டவாளத்தில் காதை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்தாள். ஆம்புலன்ஸ் போனது, மறுபடி மூடினாள், பத்து நிமிடம் கழித்து ரயில் வந்து சுகமாகப் போனது. அந்தக் குழந்தை இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறது. கேட்டக்காவுக்கு இரண்டு வருடம் விசாரணை, எட்டு மாதம் சஸ்பென்ஷன், சர்வீஸ் புத்தகத்தில் சிவப்பு மையில் மூன்று வரி. மூன்றாவது வரி: ‘இன்னொரு முறை விதி மீறினால் பணிநீக்கம்.’

எனவே அவள் பத்துக்குத் திறந்தாள், ஐந்துக்கு மூடினாள், நடுவில் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் மூன்று மாதத்தில் பாலத்தைக் கடந்தவர்கள்: ஒரு அணில், ஒரு காகம், டீக்கடை நாய். காகம் கணக்கில் வராது என்று கோட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பறக்கிறவற்றுக்குப் பாலம் தேவையில்லையாம். அலுவலகத்தில் விஷயம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது ஆறுதல். டீக்கடை நாய் நாலு இருபதுக்குத் தெற்கே நுழைந்து, வடக்கே போய்ச் சேர்வதற்குள் நாலரை ஆகி, திரும்பி வருவதற்குள் ஐந்தாகி, இரண்டு கேட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க ஊளையிட்டது. பதிவேட்டில் அது வெளியேறிய நேரம், ‘அடுத்த வேலை நாள், காலை 9.30’.

நாலாவது மாதம் ஒரு சாயங்காலம், கேட்டைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, குவார்ட்டர்ஸ் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள் கேட்டக்கா. மணி ஐந்தே முக்கால். கேட் பக்கம் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது.

ஏழு மான்கள். வந்து கேட்டின் முன்னால் நின்றன. ஐந்து மணிக்குக் கவுன்டர் மூடிவிட்டதைப் பார்த்தும் யாராவது வந்து திறப்பார்கள் என்று நிற்கிறவர்களைப் போல நின்றன. முன்னால் நின்ற பெண் மான் கம்பிகளுக்கு நடுவே மூக்கை நீட்டி, அந்தப் பக்கத்துப் புல்லின் வாசனையை இழுத்தது. பதினைந்து நிமிடம் இருக்கும். அப்புறம் திரும்பிப் போய்விட்டன.

மறுநாளும் வந்தன. அதற்கு அடுத்த நாளும். கேட்டக்கா துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். ஐந்தாம் நாள் கோட்ட அதிகாரிக்குப் போன் செய்தாள்.

“சார், மான் அஞ்சே முக்காலுக்கு வருது.”

“அஞ்சு மணிக்கு மூடிடணுமேம்மா?”

“மூடிட்டேன் சார். அதான் சொல்றேன். மூடினப்புறம் வருது.”

“ஓகோ.” மறுமுனையில் பேனா தட்டும் சத்தம். “அதுங்களுக்கு நேரம் தெரியாம இருக்கு. ஒரு போர்டு வெச்சிடலாமா?”

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தாள். பத்து நாளில் போர்டு வந்து இறங்கியது. இரண்டு கோட்டத்து முத்திரைகளோடு, ‘விலங்குகள் கடக்கும் நேரம் 10 முதல் 5 வரை’. காட்டைப் பார்த்து நட்டார்கள்.

போர்டு வந்த வாரத்தில்தான் அந்தப் பெண் மான், காத்திருந்து அலுத்து, கேட்டைச் சுற்றிக்கொண்டு சரிவில் இறங்கிச் சாலைக்குப் போனது. பிரேக் பிடிக்கும் சத்தம் குவார்ட்டர்ஸ் வரை கேட்டது. கேட்டக்கா ஓடிப் போய்ப் பார்த்தபோது லாரி டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். மான் பாலத்தின் நிழலிலேயே கிடந்தது. தலைக்கு மேலே, பதினாறு அடி உயரத்தில், அதற்காகவே கட்டிய பாலம். மற்ற ஆறும் சரிவின் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தன. மறுநாள் பதிவேட்டைத் திறந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கடந்தவற்றுக்குத்தான் கட்டம் இருந்தது. கடக்க முடியாததற்கு இல்லை.

அதே வாரம் கடிதமும் வந்தது. அடுத்த காலாண்டு முடிவில் ஆய்வுக்குழு வரும். அதற்குள் ஐம்பது விலங்காவது கடந்திருக்காவிட்டால் பாலம் ‘பயன்பாடற்ற கட்டமைப்பு’ என்று அறிவிக்கப்படும். மண்ணை வழித்துவிட்டுத் தார் போட்டு, பக்கத்தில் வரப்போகும் கிடங்கின் லாரிகளுக்குக் கொடுக்கப்படும். நாற்பத்தியொரு பேரும் வேலியைப் பழையபடி போட்டுக்கொள்ளலாம். கேட்காப்பாளர் மறுபடியும் உபரி. குவார்ட்டர்ஸை ஒரு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும்.

அவள் வீட்டுக்காரர் டவுன் பஸ் கண்டக்டர். கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, டிக்கெட் பையைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

“ஏங்க, சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் திறந்து வெச்சா என்னங்க?”

“ரைட், போலாம்னு விசில் ஊதறது சுலபம்டி. போன தடவை ஊதினியே, எட்டு மாசம் நான் ஒருத்தன் சம்பளத்துல ஓட்டினோம்.”

“அப்ப உள்ள ஒரு பொண்ணு கத்திக்கிட்டு இருந்தா.”

“மான் கத்தாதுல்ல.”

“அதான் கஷ்டமா இருக்கு.”

அவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். “இந்த வீட்டுக்கு வந்தப்புறம்தான் நீ மழை பேஞ்சா எந்திரிக்காம தூங்கறே” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் முழுக்க அவள் கேட்டின் கையேட்டைப் படித்தாள். எல்லாக் கையேடுகளையும் போல அதிலும் முதல் பதின்மூன்று பிரிவுகள் எதையெல்லாம் செய்யக்கூடாது என்று சொல்லின. பதினான்காவது பிரிவு பராமரிப்பு. ‘கேட்டில் துருவோ வர்ணச் சேதமோ காணப்பட்டால், காப்பாளரின் எழுத்துமூல அறிக்கையின் பேரில் அதைக் கழற்றிப் பணிமனைக்கு அனுப்பலாம். திரும்பி வரும்வரை காப்பாளர் இடத்தைவிட்டு அகலாமல் மனிதரும் கால்நடையும் நுழையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.’

கேட்டக்கா எழுந்து போய் கேட்டை நகத்தால் சுரண்டினாள். மூன்று பூச்சு அடிக்க வேண்டிய இடத்தில் ஒப்பந்தக்காரர் ஒரே பூச்சோடு மனசாட்சியைச் சமாதானப்படுத்தியிருந்தார். பச்சை வர்ணம் வெங்காயத் தோல் மாதிரி கையோடு வந்தது. உள்ளே துரு. ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒப்பந்தக்காரரை வாழ்க்கையில் வாழ்த்திய முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும்.

இருபத்திரண்டு வருட அனுபவத்தில் அவளுக்கு ஒன்று தெரியும். ஒரு அலுவலகம் எதை வேண்டுமானாலும் ஒரே நாளில் கழற்றிக்கொண்டு போய்விடும். திருப்பிக் கொண்டுவந்து மாட்டியதாகச் சரித்திரம் இல்லை. 

ஆனால் ஒரு கேட்டைக் கழற்றினால் பாதிப் பாலம்தான் திறக்கும். மறுநாள் மதியம் பாலத்தின் வடக்குக் கோடி வரைக்கும் நடந்து போனாள். வடக்குக் கேட்காரரை எல்லோரும் மீசை என்று கூப்பிடுவார்கள். நாற்காலியைச் சாய்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, உங்க கேட்டு வர்ணம் எப்படி இருக்கு?”

“எனக்கு ரிட்டயராக இன்னும் பதினாலு மாசம்தாம்மா இருக்கு. எதுலயும் என்னை இழுத்து விட்டுடாதே.”

“இழுக்கலண்ணே. கேட்டு ரிப்பேருக்குப் போச்சுன்னா நீங்க திறக்கவும் வேணாம், மூடவும் வேணாம். சும்மா உக்காந்திருந்தா போதும், ரூல்லயே இருக்கு.”

மீசை ஒரு கண்ணைத் திறந்தார். “எங்க கையெழுத்து போடணும்?”

அவருக்குச் சுலபமாக முடிந்துவிட்டது. கேட்டக்காதான் அறையில் அறிக்கையை எழுதி முடித்துவிட்டு, பேனாவைக் கையெழுத்து இடத்துக்கு மேலே பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பொய் இல்லை, சரி. ஆனால் விசாரணை என்று வந்தால் ‘என்ன எண்ணத்தில் எழுதினாய்’ என்றுதான் கேட்பார்கள். போன தடவையும் அதைத்தான் கேட்டார்கள். எண்ணத்தை மறைக்க அவளுக்குத் தெரியாது. வீட்டுக்காரர் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து வாசலில் நின்றார்.

“போடு. வீடு போனா வேற வீடு. ஒழுகினா பாத்திரம் வெச்சுக்கலாம்.”

“நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“யோசிச்சா சொல்ல மாட்டேன். சீக்கிரம் போடு.”

போட்டாள்.

மூன்றாம் நாளே டிராக்டர் வந்து இரண்டு கேட்டையும் ஏற்றிக்கொண்டு போனது. பணிமனையில் வர்ணம் கலக்கும்போதுதான் தெரிந்தது, தெற்குக் கோட்டத்துப் பச்சை கரும்பச்சை, வடக்குக் கோட்டத்துப் பச்சை இலைப்பச்சை. ஒரே பாலத்தில் இரண்டு பச்சை இருக்கலாமா என்று ஒரு கோப்பு உருவாகி, இரண்டு கோட்டங்களுக்கும் நடுவே நடக்க ஆரம்பித்தது. தொண்ணூறு கிலோமீட்டரை எந்தத் தடையும் இல்லாமல் கடந்த முதல் ஜீவன் அந்தக் கோப்புதான்.

விதிப்படி கேட்டக்கா இடத்தைவிட்டு அகலவில்லை. ஸ்கூட்டர்காரர்களைத் திருப்பி அனுப்பினாள். மாடுகளை விரட்டினாள். கைகோத்துக்கொண்டு வந்த ஒரு ஜோடியிடம், “கரடி வர்ற நேரம்” என்று மட்டும் சொன்னாள். டியூப் லைட்டை அணைத்தாள். நாற்காலியைப் புதருக்குப் பின்னால் தள்ளிப் போட்டாள். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறு மான்களும் வந்து, கேட் இருந்த இடத்தின் முன்னால், கேட் இன்னும் இருப்பதைப் போலவே நின்றுவிட்டுத் திரும்பின. கேட்டக்கா புதருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். இதுங்களும் விதியைப் படித்துவிட்டனவோ?

நாலாம் நாள் காலை ஆறு இருபது. பனி இன்னும் புல்லில் இருந்தது. ஒரு குட்டி. நோஞ்சான், ஒரு காது மடங்கியது. கேட் இருந்த கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்துவிட்டு, யாரும் திட்டவில்லை என்று பார்த்துக்கொண்டு, அடுத்த காலை வைத்தது. அப்புறம் பின்னால் நின்ற ஐந்தையும் பற்றிக் கவலைப்படாமல் ஒரே ஓட்டமாக ஓடியது. அவை பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடின. எண்பது மீட்டர். கீழே லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அந்தக் கோடியிலிருந்து மீசையின் குரல், தூக்கத்திலிருந்து எழுந்து அலறியது: “யம்மா, என் காலைத் தாண்டிப் போவுதும்மா!”

கேட்டக்கா அழுதாளா என்று கேட்டால் பனி என்பாள். பதிவேட்டைத் திறந்தாள். விலங்கு: மான், ஆறு. யாரைப் பார்க்க: தெரிந்தவர்களை. வந்த நோக்கம்: அந்தப் பக்கம் போக.

காலாண்டு முடிந்தபோது எண்ணிக்கை இருநூற்றுப் பதினேழு. பன்றிகள் குடும்பம் குடும்பமாகப் போயின. ஒரு நரி தினமும் வேலைக்குப் போகிறதுபோல் போய் வந்தது. கரடி வரவில்லை, ரிப்போர்ட்டில் இருப்பது அதற்குத் தெரியாது போலிருக்கிறது.

ஆய்வுக்குழு பகல் பதினோரு மணிக்கு, மூன்று காரில் வந்தது. விலங்குகளைப் பார்க்க அதைவிடப் பொருத்தமில்லாத நேரம் கிடைக்கவில்லை. தலைவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து முகம் மலர்ந்தார். அப்புறம் நிமிர்ந்து வாயிலைப் பார்த்தார்.

“கேட் எங்கே?”

கோட்ட அதிகாரி கேட்டக்காவைப் பார்த்தார். அவருடைய முகம் பணிமனையின் இரண்டு பச்சைக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு நிறத்துக்குப் போனது. கேட்டக்கா அறிக்கையின் நகலை எடுத்து நீட்டினாள்.

“பெயின்ட்டுக்குப் போயிருக்கு சார். பிரிவு பதினாலு.”

“எப்போ வரும்?”

“எந்தப் பச்சைன்னு முடிவானதும் வந்துடும் சார்.”

தலைவர் அறிக்கையைப் படித்தார். தேதியைப் பார்த்தார். பதிவேட்டில் அதே தேதிக்கு முன்னால் ஒரு அணிலும் ஒரு நாயும் இருப்பதைப் பார்த்தார். அதற்குப் பின்னால் இருநூற்றுச் சொச்சம் இருப்பதையும் பார்த்தார். முட்டாள் இல்லை அவர். ஒரு நிமிடம் கேட்டக்காவை நேருக்கு நேர் பார்த்தார். அவளும் கண்ணைத் தாழ்த்தவில்லை. கேட்டால் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தாள்.

குழுவில் புதிதாக வந்த ஒரு விஞ்ஞானி வாயைத் திறந்தார். “அப்படின்னா கேட் இல்லாததாலதான்…”

“கேட்டோட வடிவமைப்புக்கு அஞ்சு பேர் ஒப்புதல் கொடுத்திருக்கோம்” என்றார் தலைவர், காரைப் பார்த்து நடந்துகொண்டே. “அதுல நானும் ஒருத்தன்.”

அறிக்கை பதினைந்து நாளில் வந்தது. பாலம் நிரந்தரமாகப் பாலமாகவே இருக்கும். கிடங்குக்காரர்கள் வேறு வழியைப் பார்த்துக்கொள்ளலாம். நாற்பத்தியொரு வேலிகளும் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். ‘அறிவிப்புப் பலகையும், தெற்கு–வடக்கு ஒருங்கிணைந்த கேட் மேலாண்மை முறையும் விலங்குகளிடையே நல்ல விழிப்புணர்வை ஏற்படுத்தியுள்ளன.’ எனவே இன்னும் பதினோரு பாலங்களுக்கு இதே கேட். அவற்றின் காப்பாளர்களுக்கு, தெற்குக் கேட்டின் ‘மாதிரிக் காப்பாளர்’ நேரில் பயிற்சி அளிப்பார்.

வீட்டுக்காரர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கேட்டக்கா சிரிக்கவில்லை. பதினோரு பாலம், பதினோரு கேட், ஒவ்வொன்றின் முன்னாலும் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கப்போகிற மான்கள். நல்ல புடவையாக ஒன்றை எடுத்து மடித்துப் பையில் வைத்தாள்.

பயிற்சிக் கூடத்தில் மின்விசிறி ஓடவில்லை. பதினோரு பேர் புது நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் அவளைப் போலவே எங்கெங்கோ உபரியானவர்கள். கடைசி வரிசையில் தியேட்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கை தூக்கினாள்.

“அக்கா, கேட்டை எத்தனை மணிக்குத் திறக்கணும்னு எழுதிக்கட்டுமா?”

கேட்டக்கா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டாள். அதிகாரி யாரும் இல்லை.

“அது கெடக்கட்டும். போன உடனே மொதல் வேலையா, பெயின்ட்டை நகத்தால சுரண்டிப் பாரும்மா.”

பதினோரு பேரும் எழுதிக்கொண்டார்கள்.